திரும்பும் திகதி

கூடு பன்னிரண்டு.
கொப்பியில் நாய் முப்பத்தொன்று.
பூனைக்கு வேறு கொப்பி.

மாநகர சபையிலிருந்து வந்தவர்
கூட்டை எண்ணினார், கொப்பியைப் பார்த்தார்,
மறுகா கூட்டை எண்ணினார்.
மிச்சம் பத்தொன்பதும் எங்கே,
கள்ளக் கணக்கா என்றார்.

இரிங்க, சொல்றன்.

ஊறணியில் ஒரு தாயும் கண் திறக்காத ஐந்தும்.
குளியலறையை அவற்றுக்குக் கொடுத்துவிட்டுக்
கேதீஸ்வரன் குடும்பம் கிணற்றடியில் குளிக்கிறது.
நாவற்குடாவில் மூன்று.
ஒன்றையொன்று கண்டால் கடிக்கும்,
அதனால் ஒரே ஒழுங்கையில் மூன்று வீடு.
மாமாங்கத்தில் ஒரு குருடு, தையற்கடையில்.
மிஷின் சத்தம் நின்றால்
எழும்பி வாசலுக்குப் போய் நிற்கும்.
கடை சாத்தும் நேரம்
கண்ணுள்ள எங்களைவிட அதற்குத் தெரியும்.

பூனைக் கொப்பி முழுக்க
ஜெஸீமாவின் பேர்தான், காத்தான்குடி.
சுபஹுக்கு எழும்பும்போது ஒரு துளிக்குழாய் பால்,
லுஹருக்கு ஒன்று, அஸருக்கு, மஃரிபுக்கு, இஷாவுக்கு.
நடுச்சாமத்துக்கு மட்டும்தான்
அலாரம் வைக்க வேண்டியிருக்கு என்று சிரித்தாள்.

ஐந்து நிரல் கிழித்திருக்கிறேன்:
பேர், நிறம், காயம், கொண்டுபோனவர்,
திரும்பும் திகதி.

கடைசி நிரலில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.
வங்கியில் காசு எண்ணும் நிரோஜினி
இரண்டு கிழமைக்கென்று கையெழுத்து வைத்தாள்.
நான்கு தரம் கோல் எடுத்தாள்,
அக்கா, இன்னும் ஒரு கிழமை.
கடைசியில் வந்தாள், விட்டாள்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கிறுகிப் போனாள்.
கண்ணாடிக்குள் முகம் எப்படி இருந்ததென்று
நான் பார்க்கவில்லை.

செட்டிபாளையத்தார் இரண்டாம் நாளே கொண்டுவந்தார்.
மகனுக்கு இழுப்பு.
மன்னிப்பு, மன்னிப்பு என்றார்.
எதுக்கு?
அந்த இரண்டு நாளில்தான்
ஏழாம் கூட்டைக் கழுவிக் காயவைத்தோம்.

டச்பார் ரொசைரோ, ஒட்டுப்பட்டறைக்காரர்,
கூட்டுக் கம்பியைச் சும்மா ஒட்டித் தருவார்.
குட்டி கேட்கமாட்டார்.
எழும்ப முடியாததை, பல் கொட்டினதை,
டொக்டர் தலையாட்டினதைக் கேட்பார்.
திரும்பும் திகதிக்குக்
குறுக்கே ஒரு கோடு போடுவார்.
ஒரு மாதம், சிலவேளை ஒன்பது நாள்.
மறுகா பட்டி மட்டும் வரும்,
சவர்க்காரம் போட்டுக் கழுவி,
வெயிலில் காய்ந்து.
அதை ஆணியில் மாட்டிவிட்டு
அடுத்தது எது என்பார்.

போன கார்த்திகை
முகத்துவாரம் வெட்டுமுன்னே ஆறு ஏறிவந்த இரவு,
கூட்டுக்குள் முழங்கால் தண்ணி.
பதினொரு மணிக்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான் கோல் எடுத்தேன்.
ஓட்டோ வந்தது, உழவு மெஷின் வந்தது,
பூநொச்சிமுனை மீன்காரர் வந்தார்.
ஐஸ் பெட்டியில் எட்டுக் குட்டி,
சூடை மீன் மணத்தில் ஒன்றும் அழவில்லை,
நக்கிக்கொண்டே போயின.
அன்றிரவு யார் எதைக் கொண்டுபோனார் என்று
நான் எழுதவில்லை.
பேனை நனைந்திருந்தது, கொப்பி என் தலையில் இருந்தது.
தண்ணி வற்ற எல்லாம் வந்தன.
எங்களுடையது அல்லாத ஒன்றும் சேர்ந்து வந்தது.

அவர் எல்லாம் கேட்டார்.
குறை சொல்லக்கூடாது, தேத்தண்ணியும் குடித்தார்.
படிவத்தில் ‘கொள்ளளவு’ என்ற இடத்தில்
12 என்று எழுதினார்.
கீழே என் கையெழுத்து.

பாதிப் பேர் எழுதியிருப்பேன்,
போன் அடித்தது. வந்தாறுமூலை வளைவில்,
வான் தட்டினது, பின்கால்,
உயிர் இருக்கு.
கொப்பியைப் புரட்டினேன்.
ஊறணி நிரம்பிவிட்டது, நாவற்குடா வேண்டாம்,
தையற்கடையில் கலியாணத் துணி.
ரொசைரோவுக்கு இது இளசு.

யோசித்துப் பார்க்க நேரமில்லை, அழுத்தினேன்.
வங்கிச் சத்தம், நோட்டு எண்ணும் மெஷின்.
நான் வாய் திறக்கவில்லை,
அக்கா, குட்டியா பெரிசா
என்றாள் நிரோஜினி.